அண்ணி சாப்பிட்ட பொடியும் நான் செய்யும் உருண்டைகளும்

1

போன வாரம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் அந்தக் கட்டடத்தில் படியேறும்போது கோப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அதில் எல்லாக் காகிதமும் இருக்கிறது என்று தெரியும். இல்லாத ஒன்றைத்தான் கேட்பார்கள் என்பதும் தெரியும்.

என் முறை வந்ததும் "திருமதி ராமசாமி" என்று கூப்பிட்டார்கள். ராமசாமி என் அப்பா. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றபோது அவர் பெயரைப் போட்டுவிட்டேன். பெரம்பலூர் மாவட்டத்தில், குன்னத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் பருத்தி போட்டு வாழ்ந்து, திருச்சிக்கு அந்தப் பக்கம் எதையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். இந்த நாட்டில் நான் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அவரைத்தான் உள்ளே வரச் சொல்கிறார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள். "என்ன வேலை செய்கிறீர்கள்? ஒரே வரியில் சொல்லுங்கள்" என்றார். வீட்டிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரிதான்: "வீங்கிப்போன மூட்டுக்குள் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்." ஜெர்மன் மொழியில் மூட்டுக்கு 'கெலெங்க்' என்று பெயர். அன்பளிப்புக்கு 'கெஷெங்க்'. பதற்றத்தில் நாக்கு வழுக்கிவிட்டது. "வீங்கிப்போன அன்பளிப்புக்குள் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்பளிப்பு என்ற சொல்லை எந்த நாட்டிலும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது. அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் திருத்திச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தார். விரல் கணுக்கள் புடைத்திருந்தன.

"எனக்கும் இருக்கிறது. காலையில் பேனா பிடிக்க வராது. உங்கள் மருந்து எப்போது வரும்?"

"தெரியாது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு என் காகிதங்களை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது டிராமில் உட்கார்ந்து அண்ணியை நினைத்துக்கொண்டேன். அண்ணியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். இனியும் தள்ள வேண்டாம் என்று தோன்றியது.

2

அண்ணி பெயர் செல்வராணி. என் ஒரே அண்ணன் கலியமூர்த்தியின் மனைவி. கொள்ளிடக் கரையில், திருமழபாடியில் பிறந்தவர். வாய்க்காலில் தண்ணீர் ஓடி நெல் விளைகிற ஊரிலிருந்து, வானம் பார்த்து மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வந்த புதிதில் பருத்தி எடுக்கத் தெரியாமல் நகக்கண்ணெல்லாம் கிழிந்து ரத்தம் வரும். அடுத்த வருஷம் எங்கள் தெருவில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, "அனுப்புங்க. காட்டுல பாப்பா வேலையையும் சேத்து நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவரும் அவர்தான்.

நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு விரல் கணுக்களில் வலி தொடங்கியது. பிறகு மணிக்கட்டு, முழங்கால். காலையில் எழுந்தால் கை மூடாது. துணி பிழிய முடியாது. திருச்சியில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு முடக்குவாதம் என்றார். ஊரில் சரவாங்கி என்பார்கள். நோயிலிருந்து உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே மூட்டைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி. வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அது வேலை செய்யவே மாசக்கணக்காகும். வயிற்றைப் புரட்டும். அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு வேறு போக வேண்டும்.

நான் இங்கே செய்கிற வேலை அந்த வியாதிக்கானது என்று தெரிந்தபோது அண்ணிக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. போனில் விளக்கிச் சொல்லச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று யோசித்து மக்காச்சோளத்தில் விழுகிற படைப்புழுவில் ஆரம்பித்தேன்.

"அண்ணி, படைப்புழு குருத்துக்குள்ளதானே உக்காந்திருக்கும்? காடு முழுக்க மருந்தடிச்சா என்ன ஆகும்?"

"காசும் போகும், மண்ணும் கெடும். குருத்துல விழுற மாதிரி பாத்து அடிச்சாத்தான் புழு சாவும்."

"வீக்கத்துக்குக் குடுக்குற ஸ்டீராய்டும் அப்புடித்தான். சட்டுனு கேக்கும். ஆனா உடம்பு பூரா போயி எலும்பு, சக்கரை, பிரஷர் எல்லாத்தையும் கெடுக்கும். அத மூட்டுக்குள்ள மட்டும் போயி விழ வைக்கணும். அதுக்குத்தான் நாங்க பாடுபடுறோம்."

"குருத்துக்கு நம்ம கை போகுது. இது உள்ளுக்குள்ள எப்புடி வழி கண்டுபிடிக்கும்?"

நல்ல கேள்வி. நாங்கள் கொழுப்பால் நுண்ணிய உருண்டைகள் செய்கிறோம். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மருந்து அதற்குள்ளே. ஊசி வழியாக ரத்தத்தில் விட்டால், நல்ல நிலையிலுள்ள ரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி அது லேசில் வெளியே வராது. வீங்கிய மூட்டில் குழாயின் சுவர் தளர்ந்து சந்து விட்டிருக்கும். அந்தச் சந்து வழியாக வெளியே கசியும். வீக்கத்தை வளர்க்கிற செல்கள் கண்டதையும் விழுங்குகிறவை. உருண்டையையும் விழுங்கும். விழுங்கிய பிறகு மருந்து உள்ளே அவிழும்.

காகிதத்தில் எழுதினால் இவ்வளவுதான். நடைமுறையில் பாதி உருண்டைகள் வழியிலேயே உடைந்து மருந்தைக் கொட்டிவிடும். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கலவை சரியாக வருவதற்குள் பருவமே மாறிவிடும். காலையில் கொழுப்பைக் கரைத்து, உருண்டைகளைச் சல்லடை மாதிரியான சவ்வில் திரும்பத் திரும்ப அழுத்தித் தள்ளி, எல்லாம் ஒரே அளவில் வந்திருக்கிறதா என்று ஒளிக்கற்றையை விட்டுப் பார்ப்பேன். வராது. மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. என் மேலதிகாரியான பேராசிரியர் இதே உருண்டைகளோடு தலை நரைத்தவர். அவர் சலித்துக்கொண்டு ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

"எப்ப வரும்?" என்று அண்ணி கேட்டார்.

"தெரியல அண்ணி. இப்பத்தான் எலிக்குக் குடுத்துப் பாக்குறோம்."

"எலிக்கெல்லாம் மூட்டுவலி வருதா?"

"நாங்கதான் வர வைக்கிறோம்."

"பாவம்" என்றார்.

3

போன வருஷம் மார்கழி கடைசியில் வீடியோவில் பேசினோம். இங்கே சன்னலுக்கு வெளியே பனி. அங்கே களத்தில் முதல் அறுப்பு மக்காச்சோளக் கதிர் குவிந்து கிடந்தது. அண்ணி குவியல்மேல் நின்றுகொண்டிருந்தார். என் மகள் யாழினியை இழுத்துவந்து போனுக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும். பேசச் சொன்னால் ஜெர்மனில்தான் பதில் வரும். அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே தமிழில் கேட்டாள்.

"அத்தை, மூட்டை எப்படி இருக்கு?"

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூட்ட நல்லா இருக்குடா தங்கம். சோளம் நெறஞ்சு வூடு பூரா அடுக்கி வெச்சிருக்கோம்."

யாழினி கடமை முடிந்தது என்று எழுந்து போய்விட்டாள். போகும்போது, "அத்தைக்கு முகம் உருண்டையா, அழகா இருக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியுடையது நீள முகம். இப்போது பௌர்ணமி நிலா மாதிரி ஆகியிருந்தது. கையை நீட்டச் சொன்னேன். முன்கையில் அங்கங்கே கன்றிப்போன திட்டுகள்.

"எங்க அண்ணி இடிச்சுக்கிட்டீங்க?"

"எங்கயும் இடிக்கல. லேசா பட்டாலே இப்புடி ஆகுது. ஆனா பாப்பா, வலி போன எடம் தெரியல! சந்தையில ஒரு ஆளு மூலிகைப் பொடி விக்கிறாரு. ரெண்டே நாள்ல எந்திரிச்சு ஓடுனேன். திருச்சி மாத்திரையெல்லாம் நிறுத்தி ஆறேழு மாசம் ஆச்சு."

மூலிகை ரெண்டு நாளில் முடக்குவாதத்தை ஓட வைக்காது. அண்ணனைக் கூப்பிடச் சொல்லி இருவருக்கும் சேர்த்தே சொன்னேன்.

"அண்ணா, அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு நெனைக்கிறேன். பொட்டலத்தோட அண்ணிய பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க."

"சரி சரி, பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன்.

போனை வைத்த பிறகு நடந்ததை அண்ணனே பிறகு சொன்னார். செல்லில் அந்த மருந்தைப் பற்றி என்னென்னவோ பார்த்திருக்கிறார். பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியிருக்கிறது. "வெஷத்த வூட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு டாக்டர் வேற எதுக்கு?" என்று அத்தனை பொட்டலத்தையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார். அறுப்பு முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்திருக்கிறார். தன் மனைவியின் உடம்பில் விஷம் போகிறதே என்று துடித்துத்தான் அப்படிச் செய்தார். அதில் எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாசக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வருவதையும் திடீரென்று வெட்டிவிட்டால் உடம்பு தாங்காது. ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கே ஆபத்து.

சில நாட்கள் கழித்து ஆய்வகத்தில் இருந்தபோது அண்ணனின் அழைப்பு வந்தது.

"பாப்பா, உங்க அண்ணி களத்துல மயங்கி விழுந்துட்டா. காலையிலேர்ந்து வாந்தி. வெயில் ஒத்துக்கலேன்னு நெனைக்கிறேன். மோர் குடுத்துப் படுக்க வெச்சிருக்கேன். பேச்சுக் குடுத்தா முனகுறா."

"பொடி சாப்பிடுறாங்களாண்ணா?"

"அதத்தான் நீ சொன்ன அன்னிக்கே கொட்டிட்டேனே!"

"உடனே பெரம்பலூருக்குக் கெளம்புங்க. வூட்டுல படுக்க வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. அங்க போனதும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: ஸ்டீராய்டு கலந்த பொடி மாசக்கணக்கா சாப்பிட்டாங்க, இப்ப திடீர்னு நிறுத்தியாச்சு. சொல்லுங்க பாப்போம்."

"தைராய்டு பொடி மாசக்கணக்கா சாப்பிட்டா..."

"தைராய்டு இல்லண்ணா! ஸ்டீராய்டு!"

"டீராய்டு."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அதற்குள் பக்கத்து வீட்டு முருகேசன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். உடம்பெல்லாம் சிமெண்ட் தூசியோடு அப்படியே வந்துவிட்டதாக அண்ணன் பிறகு சொன்னார். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் ஒரே தடவையில் சரியாகச் சொன்னான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்று காலை நான் நிறுத்து எடுத்து வைத்திருந்த மருந்து மேஜைமேல் வெள்ளைப் பொடியாக இருந்தது. உருண்டைகளுக்குள் அடைப்பதற்காக வைத்தது. ஸ்டீராய்டுதான். அண்ணியைக் கெடுத்ததும் அந்தக் குடும்பத்து மருந்து. இப்போது அவர் நரம்பில் உடனே ஏற வேண்டியதும் அதே குடும்பத்து மருந்து. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவில் போய் நின்றேன். பேராசிரியர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் தானும் நின்றார்.

முருகேசன்தான் கூப்பிட்டான். "அக்கா, ஊசி போட்டு சலைன் ஏத்திட்டாங்க. அண்ணன் பதட்டத்துல திரும்பவும் தைராய்டுன்னுதான் சொன்னாரு. நான் சொல்றதுக்குள்ள டாக்டரம்மா அண்ணி மூஞ்சியயும் கையயும் பாத்துட்டாங்க. 'சந்தைப் பொடியா? எப்ப நிறுத்துனீங்க?'ன்னு அவங்களே கேட்டாங்கக்கா."

அந்த டாக்டர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. உடையார்பாளையம் பக்கத்துப் பெண், படித்து முடித்து வந்து சில வருஷங்கள்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அத்தனையும் புரிந்துகொண்ட அந்தக் கண்ணுக்கு நான் இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

4

லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். யாழினியைக் கூட்டிப்போக முடியவில்லை. இங்கே பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போவதற்குத் தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும். "நோயாளி குழந்தைக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "என் அண்ணனின் மனைவி" என்றேன். ஜெர்மனில் சொன்னபோது அது எங்கேயோ தூரத்துச் சொந்தம் மாதிரி எனக்கே ஒலித்தது. அனுமதி கிடைக்கவில்லை. யாழினிக்கு அதில் பெரிய ஏமாற்றம் இருந்ததாகவும் தெரியவில்லை. அந்த வாரம் தோழியின் பிறந்தநாள். அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வீட்டுக்கு வந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவதற்காக டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையும் மறுபடி தொடங்கியிருந்தது. வலி திரும்பிவிட்டது. டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடித்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு முனகல்கூட இல்லை. "உசுரு இருக்குல்ல, வலி கெடக்கு" என்றார்.

மறு பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அண்ணியிடம் கேட்டார். "உங்க ஊர்ல வேற யாராச்சும் இந்தப் பொடி சாப்பிடுறாங்களாம்மா?"

"கேட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றார் அண்ணி. பஸ்ஸில் திரும்பினோம். குன்னம் தாண்டியதும் என் கையைப் பிடித்தார்.

"பாப்பா, நான் விழுந்தது ஊரு பூரா தெரிஞ்சு போச்சு. பொடியாலதான்னும் தெரிஞ்சு போச்சு. உங்க அண்ணன மாதிரி அவங்களும் எடுத்துக் கொட்டிட்டா என்னா ஆகும்?"

நான் அதுவரை அப்படி யோசிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக முருகேசன் வீட்டுக்குப் போனார். முருகேசனின் அம்மாவும் அந்தப் பொடிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பயந்துபோய், மகனிடம்கூடச் சொல்லாமல் அன்றைக்குத்தான் நிறுத்தியிருந்தார். அண்ணி அவரை உடனே முருகேசனோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து அடுத்த வீடு. நானும் பின்னால் ஓடினேன். முழங்கால் வீங்கியவர் நடக்கிற நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

எல்லா வீட்டிலும் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. ஒரு பெண் வாசலில் நின்றே கத்தினார். "ஒனக்கென்ன, ஒன் நாத்தனார் வெளிநாட்டுலேர்ந்து மருந்து கொண்டாந்து குடுப்பா. எனக்கு இந்தப் பொடி இல்லேன்னா வெங்காயத் தாள் அறுக்கப் போக முடியாது. கூலிய நீ குடுப்பியா?"

என்னிடம் கொடுப்பதற்கு மருந்து எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னைத் தடுத்தார். சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுத் தன் இரண்டு முன்கைகளையும் அந்தப் பெண்ணிடம் நீட்டினார். கன்றின திட்டுகள் இன்னும் ஆறவில்லை.

"தொட்டுப் பாருக்கா. காயிதம் மாதிரி ஆயிடுச்சு தோலு. பொடி வலிய எடுத்துச்சு, பொய் சொல்லல. ஆனா உள்ளுக்குள்ள இதயும் செஞ்சுச்சு. நிறுத்தாம சாப்பிட்டா இப்புடி ஆவும். ஒரேயடியா நிறுத்துனா என்ன மாதிரி விழுந்துடுவ. கெணத்துக்குள்ள எறங்குன ஆளு படியப் புடிச்சுத்தான் மேல வரணும். அந்தப் படிய டாக்டர்தான் காட்டணும். ஒரு நாள் கூலி போவும். ஆமா. போவட்டும். நானும் கூட வரேன்."

அந்தப் பெண் அண்ணியின் கையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கத்தவில்லை. "எப்ப போறது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எல்லோரையும் நிதானமாகப் பார்த்தார். இரண்டு பேருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ஒருவருக்கு ரத்த அழுத்தம். யாருக்கும் அண்ணிக்கு வந்த நிலை வரவில்லை. பத்து வருஷமாக நுண்ணிய உருண்டைகளோடு மல்லுக்கட்டுகிறேன். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவும் போகக் கூடாத இடத்துக்குப் போகாமலிருக்கவும் ஒருவர் இவ்வளவு பாடுபடுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

5

நான் திரும்புவதற்கு முன்னால் பக்கத்து ஊர்ச் சந்தை கூடியது. பொடி விற்கிறவர் வந்திருந்தார். சந்தையின் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, வேர்களும் பட்டைகளும் பரப்பி வைத்து, நடுவில் பொட்டலங்கள். முந்தின சந்தையில் அண்ணன் ஒரு பொட்டலம் வாங்கி டாக்டரிடம் கொடுத்திருந்தார். அதைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். "இன்னிக்கு அவன ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்."

"நீங்க வூட்டுலயே இருங்க" என்றார் அண்ணி. "அடிச்சீங்கன்னா அவருக்காகத்தான் ஊரே பரிஞ்சு பேசும்."

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை என்னிடம் கொடுத்துத் தூக்கி வரச் சொன்னார். அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே அதைப் போட்டு உட்கார்ந்தார். பொடி வாங்க வந்த முதல் ஆளிடம், சாவகாசமாக, குரலைத் தூக்காமல் சொன்னார்.

"நானும் இவர்ட்டதான் வாங்கிச் சாப்பிட்டேன். சாவப் பாத்தேன். புதுசா சாப்பிடப் போறவங்க பெரம்பலூர்ல டாக்டரக் கேட்டுட்டு வாங்குங்க. ஏற்கெனவே சாப்பிடுறவங்க பொசுக்குனு நிறுத்திடாதீங்க. பொட்டலத்தோட டாக்டர்ட்ட போங்க."

அடுத்த ஆளிடமும் அதே வார்த்தைகள். அதற்கடுத்த ஆளிடமும். விற்கிறவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, யாவாரத்தக் கெடுக்குறீங்க? இது சுத்த மூலிகை."

"அப்புடின்னா நல்லதுதான் தம்பி. பொட்டலம் சோதனைக்குப் போயிருக்கு. மூலிகைன்னு வந்துச்சுன்னா நானே ஊரு ஊராப் போயி உங்களுக்கு ஆளு சேத்து விடுறேன். அது வரைக்கும் இங்க உக்காந்துருக்கேன். எனக்கு வேற வேல இல்ல."

சோதனை என்றதும் அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் வேர்களை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் தார்ப்பாயைச் சுருட்டி மொபெட்டில் கட்டிவிட்டார். அண்ணி எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது. நானும் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி எழுப்பினோம். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, வலியால்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டு, "ஸ்டூல மறந்துடாத" என்றார்.

நான் ஜெர்மனிக்கு வந்த பிறகு சோதனை முடிவு தெரிந்தது. நாங்கள் நினைத்ததுதான் பொடியில் இருந்தது. அந்த ஆள் அதற்குப் பிறகு அந்தச் சந்தைக்கு வரவில்லை. அரியலூர்ப் பக்கம் வேறு சந்தைகளுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதாக அண்ணன் சொன்னார். அவர்மேல் புகார் போயிருக்கிறது. என்ன ஆகுமோ தெரியாது.

6

வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். அண்ணியிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு செய்தி இருந்தது. அண்ணன்தான் எடுத்தார்.

"உங்க அண்ணி வூட்டுல இல்ல பாப்பா. ஜெயங்கொண்டம் பக்கம் யாரோ ஒரு அம்மா பொடி சாப்பிடுறாங்களாம். யாரோ நம்பர் குடுத்தாங்க. பஸ் ஏறிப் போயிட்டா. சொன்னா கேக்கவா போறா?" குறைப்பட்டுக்கொள்வது போலச் சொன்னார். பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

மாலையில் அண்ணியே கூப்பிட்டார். குரல் களைத்திருந்தது.

"கையால போனப் புடிக்க முடியல பாப்பா இன்னிக்கு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அந்தம்மா மொதல்ல கதவே தெறக்கல. கடேசில வரேன்னுட்டாங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ என்னமோ சொல்லணும்னியாமே?"

சொன்னேன். எங்கள் புதுக் கலவை வழியில் உடையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எலிகளின் முழங்காலில் வீக்கம் வடிந்திருக்கிறது. ஒரு தடவை வந்தது மறு தடவையும் வர வேண்டும். எலிக்கு வந்தது மனுஷனுக்கு வருமா என்பது அதற்கப்புறம் இருக்கிற நீண்ட கதை. எதையும் மறைக்காமல் சொன்னேன்.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். "எலி நடக்குதா?"

"நடக்குது அண்ணி."

"சக்கரை கிக்கரை ஏறலையே?"

"இது வரைக்கும் ஏறல."

"திடீர்னு நிறுத்துனா விழுந்துடாதே?"

அண்ணி கேட்ட மூன்றில் முதல் இரண்டையும் எங்கள் குழுக் கூட்டத்தில் பேராசிரியர் கேட்டிருந்தார். மூன்றாவதை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை. அதையும் சொன்னேன்.

"அப்ப அதப் பாரு மொதல்ல" என்றார். "அவசரப்பட்டு யாருக்கும் குடுத்துடாதீங்க."

போனுக்குப் பக்கத்தில் யாழினி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அத்தை எங்கே போனார், எதற்குப் போனார் என்று ஜெர்மனில் கேட்டாள். முழுக் கதையையும் அவளிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலுமாகச் சொன்னேன். சந்தையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த இடத்தை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு டிராமில் போய்க்கொண்டிருந்தேன். இருட்டு இன்னும் விலகவில்லை. செல்லில் அண்ணி அனுப்பிய குரல் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டேன். பஸ் இன்ஜின் உறுமுகிறது. கண்டக்டர் பெரம்பலூர், பெரம்பலூர் என்று கத்துகிறார். அண்ணி யாரிடமோ, "இப்புடி சன்னல் பக்கம் வாங்கக்கா, காத்து வரும். பொட்டலத்த எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?" என்கிறார். தயங்கிய குரலில் ஒரு பெண் "இருக்கு" என்கிறார். விசில் சத்தம் கேட்கிறது. பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து அண்ணி சொல்கிறார்.

"பாப்பா, ஏறிட்டோம்."